யாரைப் பிடித்தீர்கள்?

தமிழில் 'பிடிப்பது' என்ற சொல்லுக்குத்தான் எத்தனை பொருள்கள்! மீன் பிடிக்கிறோம், பஸ் பிடிக்கிறோம், சளி பிடிக்கிறது, சிலருக்குச் சனி பிடிக்கிறது. இவை தவிர 'ஆளைப் பிடிப்பது' என்று ஒன்று இருக்கிறது. பையனுக்குக் கல்லூரியில் இடம் வேண்டுமானால் ஆளைப் பிடிக்க வேண்டும். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் ஆளைப் பிடிக்க வேண்டும். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்த வித்தை தாய்ப்பாலோடு வருகிறது என்று சொல்வார்கள். எனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது. அதை ஒரு நல்ல காரியத்துக்காகப் பயன்படுத்திவிட்டு, அந்த நல்ல காரியம் நல்லதுதானா என்று இன்னும் தீர்மானிக்க முடியாமல் இருக்கிறேன். வாசகர்களிடம் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் ஓர் அம்மாள் வேலை செய்துகொண்டிருந்தாள். பெயர் வேண்டாம். முதலில் அவள் குடியிருந்தது அடையாற்றங்கரைக் குடிசையில். எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிஷ நடை. ஆற்றங்கரைகளிலும் கூவக் கரையிலும் இருந்தவர்களை 2000-ஆம் ஆண்டிலிருந்து ஊருக்குத் தெற்கே கண்ணகி நகரில் கொண்டுபோய்க் குடியேற்றினார்களே, அப்படிக் குடியேறியவர்களில் அவளும் ஒருத்தி. வீடு தள்ளிப் போயிற்று; வேலை மயிலாப்பூரிலேயே நின்றுவிட்டது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து இரண்டு பஸ் மாறி ஏழு மணிக்குள் வந்துவிடுவாள். நான் காப்பி குடித்துப் பத்திரிகையைப் பிரிக்கும் நேரத்தில் அவளுக்குப் பாதி நாள் ஆகியிருக்கும்.

ஒருநாள் என் மனைவி வந்து சொன்னாள்: "அவளுக்கு மார்பிலே ஒரு கட்டி இருக்காம். எட்டு மாசமா இருக்காம். இன்னிக்குத்தான் சொல்றா."

எனக்கு முதலில் வந்தது இரக்கம் அல்ல, கோபம். படித்தவர்களுக்கு அப்படித்தான் வரும். கூப்பிட்டு விட்டு, "எட்டு மாதம் என்ன செய்துகொண்டிருந்தாய்? முதல் வாரமே சொல்லியிருந்தால் ஆகாதா? ஊரெல்லாம் விளம்பரம் போடுகிறார்களே, பார்க்கவில்லையா?" என்று ஒரு சிறு பிரசங்கம் செய்தேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாளாவா ஆவும், ஐயா? இன்னிக்கு வா, நாளைக்கு வாம்பாங்க. நாலு நாள் லீவு போட்டா அம்மா சம்பளத்துல பிடிச்சுக்குவாங்களே" என்றாள்.

பார்த்தீர்களா, இங்கேயும் 'பிடிப்பது' வந்துவிட்டது. அவள் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பதுபோல் ஒரு நடைமுறையைச் சொன்னாள். பிடித்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம் மட்டுமல்ல, தெரு முழுவதும் அதுதான் வழக்கம். மாதம் இரண்டு நாள் போனால் சும்மா விடுவோம். மூன்றாம் நாள் முதல் கணக்கு. அவளுடைய எட்டு மாதத்தில் எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எனக்கு அப்போது உறைத்தது. அதற்குப் பரிகாரமாகத்தான் அடுத்த காரியத்தில் அவ்வளவு வேகமாக இறங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

என் நண்பர் ஒருவருக்குப் பெரிய டாக்டர் ஒருவரைத் தெரியும். லஸ் முனையில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் டெலிபோனில் இரண்டு வார்த்தை பேசினார். ஒரு கடிதமும் கொடுத்தார். எந்த ஆஸ்பத்திரி என்பது இந்தக் கதைக்கு அவசியமில்லை. மறுவாரமே அவளுக்குப் படுக்கை கிடைத்துவிட்டது. அந்த அம்மாளின் மகன் என் காலில் விழ வந்தான். தடுத்துவிட்டேன். ஆனால், உள்ளூர ஒரு குளிர்ச்சி இருந்ததை மறைக்க மாட்டேன்.

சேர்த்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். தாழ்வாரத்துப் பெஞ்சில் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிழவர் ஒருவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் எக்ஸ்ரே உறை. வந்து மூன்று வாரம் ஆயிற்றாம். பகலில் இந்தப் பெஞ்சு. இரவில் வாசல் நடைபாதை. எங்களை உள்ளே அழைத்துப் போனதையும், நான் வெளியே வந்ததையும் அவர் கவனித்திருக்கிறார். மெல்ல என் பக்கம் நகர்ந்து வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நீங்க யாரைப் புடிச்சீங்க, சாமி?"

அந்தக் குரலில் பொறாமை இல்லை; குத்தலும் இல்லை. பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பதுபோல், வழி தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. "இல்லை, சும்மாதான்…" என்று ஏதோ சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

வள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தை முடிக்கும்போது வைத்தியத்துக்கு நான்கு உறுப்புகள் சொல்கிறார்: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர். அன்று முதல் எனக்கு ஐந்தாவது ஒருவரும் உண்டு என்று படுகிறது. அவர் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். யார் முதலில் உள்ளே போகலாம், யார் பெஞ்சில் இருக்கலாம் என்று தீர்மானிப்பவர் அவர். சில ஊர்களில் அவருக்குப் பணம் என்று பெயர். சில ஊர்களில் ஜாதி. எங்கள் ஊரில் பெரும்பாலும் கடிதம்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் வக்கீல். "நீ கடிதம் வாங்காவிட்டால் அந்தப் படுக்கை கிழவரின் மனைவிக்குப் போயிருக்கும் என்று என்ன நிச்சயம்? வேறொரு கடிதக்காரனுக்குப் போயிருக்கும். உன் வேலைக்காரியும் ஏழைதானே? ஏழைக்குத்தானே போயிற்று?" என்றார். வாதம் பலமானதுதான். ஆனால், லஞ்சம் கொடுப்பவனும் இதையேதான் சொல்கிறான். நான் கொடுக்காவிட்டால் வேறொருவன் கொடுப்பான் என்கிறான். தவிரவும், டாக்டர்கள் யாரை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு ஒரு நியாயமான முறை இருக்கிறது: நோய் யாருக்கு முற்றிக்கொண்டிருக்கிறதோ அவருக்கு முதலிடம். அந்தக் கிழவியின் எக்ஸ்ரேயை நான் பார்த்தேனா? இல்லை. என் நண்பர் பார்த்தாரா? அவரும் இல்லை. எங்கள் இருவருக்கும் தெரிந்ததெல்லாம் ஒருத்தி எங்களுக்குத் தெரிந்தவள் என்பதுதான்.

அதற்காக, தெரிந்தவளுக்கு உதவாமல் இருந்திருக்க வேண்டுமா? அதுவும் என்னால் முடியாது. கண்ணெதிரே நிற்பவளிடம், "நியாயத்தைக் கருதி உனக்கு ஒன்றும் செய்யமாட்டேன்" என்று சொல்லுகிறவனை நாம் நீதிமான் என்று கூப்பிட மாட்டோம்; கல் என்றுதான் சொல்லுவோம். இங்கேதான் சிக்கல். கண்ணெதிரே இருப்பவளுக்குச் செய்யாமல் இருப்பது பாவமாக இருக்கிறது. செய்தால் கண்ணுக்குத் தெரியாத ஒருத்திக்குப் பாவம் செய்ததாக ஆகிறது.

இந்தச் சிக்கலோடு அடையாறு பக்கம் போகிற போதெல்லாம் எனக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நினைவு வரும். பிரசவ உதவித் திட்டத்துக்கு அவர் பெயர் இருப்பதால் நாட்டுப்புறத்துப் பெண்களுக்குக்கூட அந்தப் பெயர் தெரியும். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம் பெற்று, 1927-ல் சட்டசபைக்குப் போனவர். அவர் சட்டசபையில் செய்தவை தனிக் கதை. நான் சொல்ல வந்தது வேறு. 1923-ல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அக்காள் டாக்டர், ஊரில் உள்ள பெரிய டாக்டர்களெல்லாம் தெரிந்தவர்கள். 'ஆளைப் பிடிப்பதில்' அவருக்கு என்ன குறைச்சல்? பிடிப்பதற்கு ஆள் இருந்தும் கொடுப்பதற்கு வைத்தியம் இல்லை.

நம்மைப் போன்றவர்கள் அதோடு அழுது ஓய்ந்திருப்போம். அவர் லண்டனுக்குப் போய்ப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றார். 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கு ஒரு தனி ஆஸ்பத்திரி வேண்டுமென்று பேசினார். பிற்பாடு அரசாங்கத்தின் கதவைத் தட்டினார். புற்றுநோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்ற தோரணையில் பதில் வந்ததாக டாக்டர் சாந்தா பின்னாளில் சொல்லியிருக்கிறார். கேட்க விநோதமாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தக் கிழவரைப் பார்த்து நடையைக் கட்டியபோது என் மனமும் அதே பதிலைத்தானே வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டது?

அரசாங்கம் இல்லையென்றதும் அவர் ஊரைக் கேட்டார். 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார்கள். 1952 அக்டோபரில் நேரு வந்து அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் தேதி அடையாற்றில் ஆஸ்பத்திரி திறந்தது. பன்னிரண்டு படுக்கைகள்! இன்று ஒரு கல்யாண சத்திரத்து மாடியில்கூட அதைவிட அதிகம் இருக்கும். மறு ஆண்டு, மயிலாப்பூரில் பள்ளிக்கூடம் படித்த சாந்தா என்ற இளம் டாக்டர், சர்க்கார் உத்தியோகம் கைக்கு எட்டியிருந்தும் அதை விட்டுவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தார். 2021 ஜனவரியில் இறக்கும் வரை அந்த வளாகத்திலேயே குடியிருந்தார். பணம் இல்லை என்பதற்காக ஒருவரைத் திருப்பி அனுப்புவதில்லை என்பது அந்த ஸ்தாபனம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. விதி போடுவது சுலபம். அதற்காக முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் ஐம்பது ஆண்டுகள் யாரிடமெல்லாம் போய் நின்றிருப்பார்கள் என்பதைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும்.

திருக்குறளில் 'இரவு' என்று ஓர் அதிகாரம். அதை அடுத்தே 'இரவச்சம்' என்று ஓர் அதிகாரம். ஒன்றில் கேட்பதில் தவறில்லை என்கிறார். மற்றொன்றில் கேட்பதைப் போல் கேவலம் இல்லை என்கிறார். சிறுவயதில் வாத்தியார் எவ்வளவு விளக்கியும் எனக்கு இது பிடிபடவில்லை. இப்போது கொஞ்சம் பிடிபடுகிறது. நானும் கேட்டேன், முத்துலட்சுமியும் கேட்டார். நான் கேட்டதனால் உலகத்தில் ஒரு படுக்கைகூட அதிகமாகவில்லை. ஒரு படுக்கையின்மேல் எழுதியிருந்த பெயர் மாறியது, அவ்வளவுதான். அவர் கேட்டதனால் படுக்கைகளே வந்தன. நான் பெயர் தெரிந்த ஒருத்திக்காகக் கேட்டேன். அவர் தமக்குப் பெயர் தெரியாதவர்களுக்காகக் கேட்டார்.

ஆனாலும் இதை அவ்வளவு சுலபமாக முடித்துவிடக் கூடாது. எத்தனை பெரிய மனிதர் கேட்டாலும், பிறருக்காகக் கேட்பதில் ஒரு கெடுதல் இருக்கிறது. கொடுப்பவர் மேலே, பெறுபவர் கீழே. நடுவில் கேட்டுக் கொடுத்தவருக்கு ஒரு மாலை. நம் கோயில்களில் டியூப் லைட்டில் உபயகாரர் பெயரைப் பெரிதாக எழுதி வெளிச்சத்தை மறைத்துவிடுகிறார்கள் அல்லவா? தர்ம வைத்தியத்திலும் அது நடக்கிறது. இலவசமாகப் பெற்றவன் மருந்து சரியில்லை என்று சொல்ல முடியாது. "சும்மா கொடுத்த மாட்டை…" என்று ஆரம்பித்துவிடுவோம். என் காலில் விழ வந்த அந்தப் பையனுக்கு, தாயாரை நர்ஸ் அதட்டினால் திருப்பி ஒரு வார்த்தை கேட்கத் தைரியம் வருமா?

இந்தக் கெடுதலைக் கண்டு மாற்று வழி தேடிய ஒருவரும் அடையாற்றுப் பக்கம்தான் இருந்தார். டாக்டர் கே. எஸ். சஞ்சீவி. மருத்துவப் பேராசிரியராக இருந்து பெயர் எடுத்தவர். 1958-ல் 'வாலண்டரி ஹெல்த் சர்வீஸஸ்' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். அடையாற்றை அடுத்த தரமணியில் 1963-ல் ஆஸ்பத்திரி நடக்கத் தொடங்கியது. அவருடைய யோசனை இதுதான்: குடும்பத்தின் வருமானத்துக்குத் தக்கபடி வருஷத்துக்கு ஒரு சிறு சந்தா. இல்லாதவன் சில ரூபாய் கொடுக்கட்டும். இருப்பவன் அதிகம் கொடுக்கட்டும். நோய் வரும்போது அல்ல, நோய் வருவதற்கு முன்பே. அப்படிக் கொடுத்தவன் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது யாரையும் பிடிக்க வேண்டியதில்லை. அவன் அந்த ஆஸ்பத்திரியின் பங்குதாரன். இதோடு நிற்காமல், ஊருக்கு ஊர் சிறிய சுகாதார நிலையங்கள் வைத்து, அந்தந்த ஊர்ப் பெண்களையே பழக்கி வீடு வீடாக அனுப்ப வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும் கூட்டத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும் என்றும் செய்து காட்டினார். 1978-ல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடி ஆரம்ப சுகாதாரத்தைப் பற்றித் தீர்மானம் போடுவதற்கு முன்னாலேயே தரமணியில் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இதில் எனக்குக் கொஞ்சம் உள்ளூர்ப் பெருமை உண்டு.

சந்தா முறையிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. உடம்பு நன்றாயிருப்பவன் சந்தாவை மறந்துவிடுவான். நோய் வந்த பிறகு ஓடி வருவான். எல்லோரும் சேராவிட்டால் இந்தப் பாத்திரத்தில் தண்ணீர் நிற்காது. எல்லோரையும் சேர்க்க அரசாங்கத்தால்தான் முடியும். 1946-ல் போர் கமிட்டி, கொடுக்கப் பணம் இல்லை என்பதற்காக ஒருவருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்று எழுதி வைத்தது. 1948-ல் இங்கிலாந்துக்காரர்கள் செய்தே விட்டார்கள். நம் மாநிலம் படிப்படியாகப் போயிருக்கிறது. 1994-ல் மருந்து வாங்குவதற்கென்றே ஒரு கழகம் ஏற்படுத்தியதும், 2009-ல் காப்பீட்டுத் திட்டம் கொண்டு வந்ததும், 2021-ல் மக்களைத் தேடி வீட்டுக்கே மருந்து கொண்டுபோகத் தொடங்கியதும் சிறிய காரியங்கள் அல்ல. ஆனால் அட்டை இருந்தாலும் பெஞ்சு இருக்கத்தான் செய்கிறது. பெஞ்சு இருக்கிற வரையில் கடிதமும் இருக்கும்.

கேட்பது யார் என்ற கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. இதுவரை நான் சொன்னவர்களெல்லாம் டாக்டர்கள், பெரியவர்கள். நோயாளியே கேட்டால் என்ன? அதுவும் நம் ஊரில் நடந்திருக்கிறது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவுக்குள் வந்துவிட்டதை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு வந்த ஆண்டுகளை நினைத்தால் இன்னும் வெட்கமாயிருக்கிறது. நோயாளியைத் தொடமாட்டேன் என்ற டாக்டர்கள். வீட்டை விட்டுத் துரத்திய தகப்பன்மார். தாம்பரம் சானட்டோரியம் 1993-லிருந்து அவர்களைச் சேர்த்துக்கொண்டது. சுனிதி சாலமன் அதே ஆண்டில் ஒரு ஸ்தாபனம் தொடங்கினார். அது பிற்பாடு சஞ்சீவியின் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே இடம் பெற்றது. அந்த வளாகத்து மண்ணுக்கு ஒரு ராசி போலும். இவர்களெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம், 1997-ல் நோயாளிகளே சிலர் சென்னையில் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். "எங்களுக்கு இந்த நோய் இருக்கிறது" என்று ஊரார் முன் சொல்லுவதற்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! அவர்கள் தங்களுக்கு மட்டும் மருந்து கேட்கவில்லை. இந்த நோய் உள்ள எல்லோருக்கும் கேட்டார்கள். 2004 ஏப்ரல் முதல் தேதி அரசாங்கம் அந்த மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது முதல் ஆஸ்பத்திரிகளில் தாம்பரமும் ஒன்று.

அவர்கள் யாரையும் பிடிக்கவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டு அம்மாள் பிழைத்துக்கொண்டாள். ஆபரேஷன், கதிர் வைத்தியம் எல்லாம் ஆகி, ஒரு வருஷம் ஓய்வில் இருந்துவிட்டு இப்போது கண்ணகி நகரிலேயே ஒரு கடையில் உட்கார்ந்து வேலை செய்கிறாள். பஸ் பிடிக்க வேண்டாம் என்று சந்தோஷப்படுகிறாள். தீபாவளிக்கு வந்திருந்தபோது, "அந்தத் திருவண்ணாமலை அம்மா என்ன ஆனாங்க?" என்று நான் கேட்டேன். தான் உள்ளே படுத்திருந்ததால் தெரியாது என்றாள். பிறகு, "நாலாவது நாளு என் பக்கத்துக் கட்டில்ல ஒருத்தங்களைக் கொண்டாந்து போட்டாங்க, ஐயா. அவங்களா இருக்கும்" என்றாள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாளோ, நிஜமோ, தெரியவில்லை. நான் மேலே கேட்கவில்லை.

அவளுக்குப் பின் வந்தவளுக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை என்று என் மனைவி ஒரு விதி செய்தாள். சீட்டைக் காட்டினால் போதும். பிற்பாடு சீட்டையும் கேட்பதில்லை. இந்தச் செய்தி மாடிப்படி வழியாகப் பரவிவிட்டது. மூன்றாம் மாடி மாமி வந்து, "நீங்க பாட்டுக்கு இப்படிப் பழக்கிவிட்டா நாங்க என்ன பண்றது? எங்காத்துலே இருக்கிறவளும் கேக்கறாளே!" என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

கேட்கிறாளாம்! எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. எங்கள் கட்டடத்தில் பதினாறு வீடுகள். வேலைக்கு வருபவர்கள் ஒன்பது பேர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டம். இந்த விஷயத்தையும் சேர்க்க வேண்டுமென்று காரியதரிசிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தண்ணீர் லாரி, மோட்டார் ரிப்பேர், வாட்ச்மேன் போனஸ், இவற்றுக்குப் பிறகு நேரம் இருந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.